முதலில் சாவுகள்

வெட்டிவிட்டான். இவனையும் வெட்டிவிட்டான். மூங்கில் தோப்பில் ஒளிந்திருந்தவன், பெயர் கிடையாது, வசனம் கிடையாது, என் முன்னால் இருக்கிற தாளில் 'தோப்பு ஆள்' என்று மட்டும் போட்டிருக்கிறது, திரும்பிப் பார்ப்பதற்குள் தோளிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பு, ரத்தம் பீய்ச்சியடித்து மூங்கில் இலையெல்லாம் சிவப்பு, அவன் வாய் திறக்கிறது, அந்த வாய்க்குள் என் சத்தம் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டது. ஹெட்போனில் தாரிணி பேசுகிறாள். "நல்லா இருக்கு வேதமுத்து சார், ஆனா இன்னும் கொஞ்சம் வயித்துலேர்ந்து வரணும். உள்ள இருக்கறதெல்லாம் வெளிய சரியுதுல்ல, அந்த ஃபீல்." உள்ளே இருப்பதெல்லாம் வெளியே சரிகிற ஃபீல் உனக்கு எப்படியம்மா தெரியும், சரியவிட்டுப் பார்த்திருக்கிறாயா? இதை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை. "ஓகே மேடம்" என்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுழல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருக்கிறாள் டப்பிங் டைரக்டர் மேடம். எனக்கு ஒரு பெண் பிறந்திருந்தால் இவள் வயதுதான் இருக்கும். மேடம். பக்கத்தில் சவுண்ட் என்ஜினியர் நவாஸ் மவுஸை உருட்டிக்கொண்டிருக்கிறான். இந்தப் பக்கம் நான், ஒரு மைக், ஒரு திரை, வசனத்தாள் வைக்கிற ஸ்டாண்டு, ஈரச்சாக்கு நாற்றமடிக்கிற கார்பெட். மேலே சாலிகிராமத்தில் மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். கீழே இந்த நிலவறையில் ஏ.சி. எலும்பைக் குடைகிறது. தொண்டைக்கு ஏ.சி. ஆகாது என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், ஆனால் மெஷினுக்குக் குளிர் வேண்டுமாம். மெஷின் ரிப்பேரானால் செலவு. நான் ரிப்பேரானால் வேறு ஆள். காதில் மூன்று பீப் அடித்ததும் வாயைத் திறக்க வேண்டும். பீப், பீப், பீப். வெட்டுகிறான். கத்துகிறேன். "ஓகே சார், இது போதும். அடுத்தது."

அடுத்தது, அடுத்தது. பேச்சு முதலில், கத்தல் கடைசியில். இது நான் போட்ட சட்டம் இல்லை, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிற முறை. பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டு, மிச்சமிருக்கிற தொண்டையில் அழுகை, இருமல், அலறல், சாவு. முதலில் கத்தித் தொலைத்தால் தொண்டை அன்றைக்கு அவ்வளவுதான், அப்புறம் வருவது பேச்சாக இருக்காது, தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தமாக இருக்கும். புதிதாக வருகிற பொடியனுக்குக்கூட இது தெரியும். வந்ததும் பணிவாகத்தானே கேட்டேன். "மேடம், ஹிதாகா டயலாக்கை முதல்ல எடுத்துரலாமா, கத்தலைக் கடைசியா வச்சுக்கலாம்." அவள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "இல்ல சார், சாவெல்லாம் முதல்ல முடிச்சிரலாம். ஹிதாகா கடைசியா போலாம்" என்றாள். அவ்வளவுதான். ஹிதாகா இந்த ஜப்பான் பொம்மைத் தொடரில் ஒரு கிழட்டு சாமுராய், வாள்வீரர். கடைசி எபிசோடில் பனியில் உட்கார்ந்திருப்பார், தன்னைக் கொல்ல வந்த ஒற்றைக்கண் பையனிடம் ஒரு முழுப் பக்கத்துக்குப் பேசுவார், பேசி முடித்ததும் செத்துப்போவார். அந்தப் பக்கம் என்னுடையது. என்னுடையது என்று நான் சொல்லவில்லை, வாய்ஸ் ஆட்களைப் பிடித்துக் கொடுக்கிற ஏகாம்பரம் போனில் சொன்னான், "அண்ணே, பெரிய டயலாக் ஒண்ணு உங்களுக்கு வந்திருக்கு". தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்திலிருந்து தமிழ்நாட்டில் செத்துக்கொண்டிருக்கிறேன். லாரி மோதிச் செத்திருக்கிறேன், மாடியிலிருந்து விழுந்திருக்கிறேன், ஹீரோ உதைத்துப் பழக்கூடையில் போய் விழுந்திருக்கிறேன். பேசியது என்று பார்த்தால் "டேய்", "விடாதீங்கடா", "அண்ணே, போலீசு". இன்றைக்குத்தான் ஒரு பக்கம். இந்தத் தொண்டையைச் சேதமில்லாமல் அந்தப் பக்கம்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். அதற்குள் இந்தத் தொடரில் சாகிற அத்தனை பேருக்காகவும் என்னைச் சாகச் சொல்கிறாள் இவள். வேண்டுமென்றுதான். போன மாதம் இன்னொரு தொடரில், பம்பாயிலிருந்து வந்திருந்த க்ளையன்ட் எதிரில், "மேடம் எழுதின தமிழ் நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். அந்தச் சிரிப்பை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

திரையில் படகுத்துறை. மறுபடியும் அந்த ஒற்றைக்கண்ணன். குடுமி வைத்துக்கொண்டு, பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, மரக்கட்டைச் செருப்பில் டக்டக்கென்று நடந்து வருகிறான், வந்தால் யாராவது சாக வேண்டும். எல்லாம் கையால் வரைந்ததாம். கம்ப்யூட்டர் இல்லை, பென்சில், தூரிகை, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தாள். தாரிணி இதைச் சொல்லும்போது அவள் கண் விரிந்தது, "ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு மனுஷன் உக்காந்து போட்டது சார்". அதுதான் எனக்கு ஆத்திரமே. கோடு லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது, யாரும் அசையாமல் நிற்கும்போதுகூட உடம்பின் ஓரக்கோடு துடிக்கிறது. எவனோ ஒருவன் காலையில் பல் விளக்கி, டீ குடித்து, மேஜையில் உட்கார்ந்து, ஒரு மனிதனுடைய குடல் வழுக்கி வெளியே வருகிறதை ஒரு தாளில் கொஞ்சம், அடுத்த தாளில் இன்னும் கொஞ்சம் என்று பொறுமையாக, அக்கறையாக, பெண்டாட்டி கோலம் போடுகிற மாதிரி போட்டிருக்கிறான். அவன் நல்லவனா, நோயாளியா? பெரியவர்களுக்கு மட்டும் என்று வேறு போட்டிருக்கிறது. இதைப் பார்க்கிறவன்தான் பெரியவனா? வீட்டில் என் மனைவி குளோரியிடம் பொம்மைப்படம் என்று சொன்னதும், "பிள்ளைகளுக்கா?" என்று சந்தோஷப்பட்டாள். இல்லை, பெரியவங்களுக்கு என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஐயோ, அந்த மாதிரிப் பெரியவங்களுக்கு இல்ல, வெட்டுக்குத்து என்று விளக்க வேண்டியிருந்தது. வெட்டுக்குத்து என்றதும் நிம்மதியாகிவிட்டாள். வெட்டுக்குத்து என்றால் ஊருக்கு நிம்மதி. பீப், பீப், பீப். படகோட்டியின் கை தனியாகத் தண்ணீரில் விழுகிறது. கையைப் போட்டவன் விரலில் நகத்தைக்கூட விடாமல் போட்டிருக்கிறான். கத்துகிறேன். தொண்டையின் அடியில், இடது பக்கம், ஒரு இடம் சுள்ளென்கிறது.

சுள்ளென்றது போய்விட்டது. இல்லை, இருக்கிறது. எச்சில் விழுங்கிப் பார்த்தேன், இருக்கிறது. யோசிக்காதே. வேறு எதையாவது யோசி. கத்துவதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது, யாருக்கும் சொன்னதில்லை. சாகிறவன் நான் என்று நினைத்துக் கத்தினால் ஒரு சாவு மாதிரியே எல்லாச் சாவும் இருக்கும். அதனால் வெட்டுப்படுகிறவன் யார் என்று முதலில் முடிவு செய்துகொள்வேன். தோப்பு ஆள் எங்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரன், தண்ணீர் மோட்டாரை அவன் நினைத்தபோதுதான் போடுவான். படகோட்டி அந்தப் பழைய சவுண்ட் என்ஜினியர், என் பெயர் தெரியாமல் "ஏய், அலறல்" என்று கூப்பிட்டவன், எல்லார் முன்னாலும், நானும் போனேன், நாய் மாதிரிப் போனேன். அடுத்து வருகிற வாசல் காவலாளிகள் இரண்டு பேரையும் ஏகாம்பரத்துக்கே கொடுக்கலாம், ஒரு ஆள் போதாது அவனுக்கு. இவர்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து ஒற்றைக்கண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன், அவன் வெட்டுகிறான், நான் அவர்களுக்காகக் கத்துகிறேன். அவ்வளவு ஆசையாகக் கத்துவதால்தான் இத்தனை வருஷம் என்னைக் கூப்பிடுகிறார்கள். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். காவலாளி ஒன்று. ஓகே. காவலாளி இரண்டு. "சார், ரெண்டாவது ஆளுக்குக் கழுத்துல விழுது, அதனால கத்தல் பாதியில கட்டாகணும்." பாதியில் கட்டாக வேண்டுமாம். செய்கிறேன். தாரிணிக்கு இன்னும் எந்தச் சாவையும் கொடுக்கவில்லை. குதிரைலாயத்தில் ஒரு பெரிய கூட்டம் சாகப் போகிறது, அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

கொடுக்கவில்லை, கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் குதிரைலாயம் வந்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆத்திரத்தில் கத்தினால் தொண்டையைக் காலி செய்துவிடுவேன், அதுதானே அவளுக்கு வேண்டும், நான் ஏன் அவளுக்கு உதவ வேண்டும். ஆகவே கள்ளத்தொண்டையில் கத்தினேன். மேலே, மூக்குக்குப் பக்கத்தில், அடித்தொண்டையைத் தொடாமல். கேட்கிறவனுக்கு அலறல் மாதிரி இருக்கும், எனக்குச் செலவு கம்மி. ஒருவன், இரண்டாமவன், வைக்கோலில் விழுகிறவன், எல்லாரையும் அப்படியே ஒப்பேற்றிவிட்டேன். நவாஸ் கண்டுகொள்ளவில்லை. அவள் கண்டுகொண்டாள். பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "சார், ஒரு நிமிஷம். இது உங்க வாய்ஸே இல்லையே. உங்ககிட்ட இருக்கற அந்தக் கனம் வரல." கனமாம். "தொண்டை கொஞ்சம்..." என்று இழுத்தேன். "பரவால்ல சார், தண்ணி குடிச்சிட்டு வாங்க. எனக்கு இந்த சீன் முக்கியம். இதுல நெஜமா ஆளுங்க சாகணும்." பரவாயில்லை என்கிறாளே, என்ன பரவாயில்லை, யாருக்குப் பரவாயில்லை, உனக்கு ஹிதாகா வேண்டாமா, அந்தப் பக்கத்தை நீதானே எழுதினாய், அதை எப்படிப் பேசினாலும் பரவாயில்லையா? முடியாது மேடம், கிழவர் பேச்சை எடுத்துவிட்டு இதைச் செய்யலாம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது, சண்டைகூடப் போட மாட்டாள், "சரி சார்" என்று சிரிப்பாள், சாயங்காலம் ஏகாம்பரத்துக்கு ஒரு போன், ஹிதாகா வேறொருவன் வாய்க்குப் போய்விடுவார். வாய்ப்புக்கு வெளியே பத்துப் பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் குடித்தேன். குதிரைலாயத்தில் நிஜமாக ஆட்கள் செத்தார்கள். கடைசி ஆள் முடியும்போது கண்ணில் நீர் கட்டிவிட்டது, அழுகை இல்லை, அந்த இடது பக்கத்து இடம் வெங்காயம் தேய்த்தது மாதிரி எரிகிறது.

அம்மாவுக்குக் கேட்டிருக்கும், இந்தக் கடைசிக் கத்தல். செத்துப்போய்விட்டாள், இருந்தாலும் அவள் காதுக்குக் கேட்டிருக்கும். முதல் படம் வந்தபோது ஊரில் தியேட்டருக்குப் போனோம், அப்பா, அம்மா, நான், சித்தப்பா வீட்டார். எந்த இடத்தில் வருவேன் என்று நான் சொல்லவில்லை, வெட்கம். சொல்வதற்கு என்ன இருக்கிறது, கிணற்றுக்குள் தள்ளப்படுகிற ஒருவன், முதுகுதான் தெரியும், ஆஆ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தம் வந்ததும் அம்மா சீட்டிலிருந்து எழுந்துவிட்டாள். "ஏ, அது எம்புள்ளை சத்தம்லா! எம்புள்ளையத் தள்ளிட்டானே!" என்று தியேட்டரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள், முந்தானையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தாள். அப்பா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "கத்துததுக்கா இவன் மெட்ராஸ் போனான்?" அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் கல்லறைக்குப் போய் நிற்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி அங்கேயும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பேசத்தான் போனேன் அப்பா. பேச விடவில்லை. இன்றைக்கு ஒரு பக்கம் பேசப் போகிறேன். இப்படி நினைக்கும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது, இந்த வயதில், செத்த அப்பாவிடம் ஒரு ஜப்பான் பொம்மைப்படத்தைக் காட்டிப் பெருமையடிக்கப் பார்க்கிறேன். இருக்கட்டும். கேவலமாக இருந்தாலும் ஆசை ஆசைதான்.

"சார் ஒரு சின்ன பிரேக்" என்று நவாஸ் கதவைத் திறந்து வெந்நீர் கொடுத்தான். "இன்னும் பாலத்துல ஒருத்தன், அந்தச் சமையக்காரன், அவ்ளோதான் சார். அப்புறம் தாத்தா." தாத்தா என்றால் ஹிதாகா. பாக்கெட்டிலிருந்து அதிமதுரத் துண்டை எடுத்து நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டேன். குளோரி பொட்டலம் கட்டிக் கொடுத்தது, கூடவே பனங்கற்கண்டு, மிளகு. ஹிதாகா பேசுகிற பக்கத்தை ஏகாம்பரம் வாட்ஸப்பில் அனுப்பிய நாளிலிருந்து குளியலறையில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கேதான் எதிரொலி நன்றாக இருக்கும். குளோரி கதவைத் தட்டி, "உள்ள யார்ட்டப் பேசுதீய?" என்றாள். ஒரு பையன் என்னைக் கொல்ல வந்திருக்கான், அவன்கிட்ட என்றேன். திறந்து வெளியே வந்தபோது அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். என் எந்தப் படத்திலும் என் குரலை அவள் கண்டுபிடித்ததில்லை, பாதிப் படத்தில் தூங்கிவிடுவாள், அவள் இன்னொரு தடவை என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள், ஆனால் அன்று ராத்திரி நாசரேத்தில் இருக்கிற அவள் தங்கைக்குப் போன் போட்டு, "அத்தானுக்கு நல்ல பார்ட்டு, நிறையப் பேசுதாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. தங்கை பிள்ளையின் ஓ.டி.டி. பாஸ்வேர்டில் எல்லாரும் பார்க்கப் போகிறார்களாம். அந்த ஊர் சர்ச் ஐயர் வீட்டம்மாவும் வருவாளாம், குடல் சரிகிற இடத்தில் என்ன செய்வாளோ. வெந்நீர் உள்ளே இறங்கும்போது அந்த இடத்தை உரசிக்கொண்டு இறங்குகிறது. "ம்" என்று மெதுவாக ஒலித்துப் பார்த்தேன். இரண்டாகப் பிரிந்து வருகிறது, ஒரு சத்தத்துக்குள் இரண்டு சத்தம். ஆண்டவரே, இன்றைக்கு மட்டும். பாலத்து ஆளையும் சமையற்காரனையும் எவனுக்கும் கொடுக்கவில்லை, யாரையும் வெறுக்கத் தெம்பில்லை, சும்மா கத்தினேன், அவர்கள் சும்மா செத்தார்கள். அவள் இரண்டையும் முதல் டேக்கிலேயே ஓகே செய்துவிட்டாள்.

பனி. திரை முழுக்க வெள்ளைத்தாள், அதில் ஒன்றிரண்டு கோடுகள், அதுதான் மலை. நடுவில் ஹிதாகா. ரத்தத்தை அத்தனை ஆசையாகப் போட்டவன் இந்தக் கிழவனை வேறு கையால் போட்டிருக்கிறான் போல, முகத்தில் கோடுகள் கம்மி, இமை மட்டும் கனமாக இருக்கிறது. பீப், பீப், பீப். வாயைத் திறந்தேன், வந்தது என் குரல் இல்லை. தகரம். நின்றுவிட்டேன். நவாஸ் பின்னால் ஓட்டினான். மறுபடியும். பீப், பீப், பீப். இம்முறை தகரத்தைத் தள்ளிவிடப் பார்க்காமல் அதன்மேலேயே காலை வைத்து நடந்தேன், பாசி பிடித்த படியில் நடக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக. "உட்காரு. பனி நிக்கட்டும், அப்புறம் வெட்டு. நான் வெட்டினவங்க யாரும் கடைசியா ஒண்ணும் சொல்லிட்டுப் போகல. சொல்ல நான் விட்டதில்ல. அவங்களுக்கு என்ன சொல்ல இருந்துச்சுன்னு இப்ப ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். ஒருத்தன் பொண்டாட்டி பேரைச் சொல்லியிருப்பான். ஒருத்தன் என்னைத் திட்டியிருப்பான். ஒருத்தன் தண்ணி கேட்டிருப்பான். எனக்குத் தெரியாமலே போச்சு." சனியன், நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். நியூஸ் வாசிக்கிற மாதிரி இல்லவே இல்லை. ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை, ஆனால் வாயில் வைத்ததும் தெரிகிறது, ஒரு சொல் உறுத்தவில்லை. "நீ என்னை விடு, தம்பி. உயிரோட விடுன்னு கேக்கல. பேச விடு. ஒரு மனுஷன் பேசி முடிக்கிறவரைக்கும் கத்தியைக் கீழ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது எப்படி இருக்கும்னு நீயாவது பாரு." குரல் இரண்டாகப் பிரிகிறது, பிரியட்டும், கிழவனுக்கும் அப்படித்தான் பிரியும். பக்கம் முடிகிறவரை நான் எங்கேயும் நிற்கவில்லை. தொண்டை எரிவதை மறந்தேன், ஏ.சி.யை மறந்தேன், அவளைக்கூட மறந்தேன். முடிந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நவாஸ் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தாரிணி நாற்காலியில் இல்லை.

அவள் உள்ளே வந்தாள். டைரக்டர்கள் பூத்துக்குள் வருவதில்லை, எதுவானாலும் மைக்கில்தான் சொல்வார்கள். கையில் வெந்நீர் டம்ளர். எனக்கு மரியாதை கிடைக்கிற நாள் எதுவும் நல்ல நாளாக இருந்ததில்லை. "சார், ரொம்ப நல்லா பண்ணீங்க. நெஜமாவே. நான் இதை எழுதும்போதே உங்க வாய்ஸ்தான் காதுல கேட்டுது." சரி, சொல்லு. "ஏகாம்பரம் உங்ககிட்ட சொல்லியிருப்பார்ல சார்?" என்ன? "ஐயோ, சொல்லலையா? இது ட்ராக்தான் சார். வெள்ளிக்கிழமை ஒரு பெரிய நடிகர் வர்றார், பேர் சொல்லக் கூடாது, அக்ரிமென்ட். அவர் உங்க ட்ராக்கைக் கேட்டுக்கிட்டுப் பேசுவார். ஹிதாகா அவர்தான். நான் க்ளையன்ட்கிட்ட உங்களுக்காகக் கேட்டுப் பார்த்தேன் சார், போஸ்டர்ல போட அவங்களுக்கு ஒரு பேர் வேணுமாம்." ட்ராக். வழிகாட்டி. நான் போட்டுக் காட்டுகிற கோட்டின்மேல் இன்னொருவன் மை போடுவான், அப்புறம் என் கோட்டை அழித்துவிடுவார்கள். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் போல, அவசரமாகப் பேசினாள். "உங்க சாவெல்லாம் அப்படியே இருக்கும் சார், அதை யாரும் தொட மாட்டாங்க. அதான் கத்தலை முதல்ல வச்சேன், தொண்டை ஃப்ரெஷ்ஷா இருக்கும்போதே எடுத்துரலாம்னு. இது ட்ராக்தானே, கரகரன்னு இருந்தாலும் பரவால்லன்னு நெனச்சேன்." பரவாயில்லை. மத்தியானம் முழுக்க நான் இவளைச் சூழ்ச்சிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சூழ்ச்சி இல்லை. அது இருந்தாலாவது நான் ஒரு ஆளாக இருந்திருப்பேன். இவள் முறைப்படிதான் செய்திருக்கிறாள், எது கடைசிவரை நிற்கப் போகிறதோ அதை முதலில் எடுத்திருக்கிறாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சார். ஹிதாகாவோட டெத். அந்த நடிகர் கத்த மாட்டாராம், வாய்ஸ் கெட்டுரும்னு மேனேஜர் முன்னாடியே சொல்லிட்டார். அதை மட்டும் நீங்க கொடுத்துருங்க." கொடுத்துவிட வேண்டுமாம். பேச்சு அவருக்கு, சாவு எனக்கு. டம்ளரை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போனாள், கதவு பஞ்சுச் சத்தத்தோடு மூடிக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. குளோரி இந்நேரம் வாசல் கூட்டி விளக்குப் போட ஆயத்தமாகியிருப்பாள், என்ன சொல்வேன் அவளிடம், அந்தக் கிழவன் வாயைத் திறக்கும்போது வேறொருவன் சத்தம் வரும், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவள் மட்டும் பார்க்க மாட்டாள். பீப், பீப், பீப். பையன் எழுந்தான், கத்தி வந்தது, ஹிதாகா வாயைத் திறந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "சார், க்யூ மிஸ்ஸாயிடுச்சு" என்றான் நவாஸ். மறுபடியும். கத்தி வந்தது, வாய் திறந்தது, சத்தமில்லாமல் ஒரு கிழவன் பனியில் சாய்ந்தான். "வேதமுத்து சார், ப்ளீஸ்." மைக்கிடம் குனிந்தேன். மிச்சமிருந்த தொண்டையில், எனக்கே கேட்காத ஒரு குரலில் சொன்னேன். "பேசினவன்தான் மேடம் சாகணும். அவரையே வந்து சாகச் சொல்லுங்க." வாழ்நாளில் முதல் தடவையாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் அசையாமல் நான் சொன்னதைக் கேட்டார்கள். பயம் இல்லை, சந்தோஷம். இதோ, ஒரு டயலாக், என் சொந்த டயலாக். தாரிணி முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை. "சரி சார்" என்றாள், நிஜமாகவே வருத்தமாக. "உங்களைக் கஷ்டப்படுத்தல. இன்னிக்கு நீங்க கொடுத்த கத்தலே நிறைய இருக்கு, அதுல ஒண்ணை எடுத்து வச்சுக்கறேன்." நவாஸ் மவுஸை உருட்டினான், திரையில் எதையோ இழுத்து எங்கேயோ வைத்தான். பனி வந்தது. பையன் எழுந்தான், கத்தி வந்தது, ஹிதாகா வாயைத் திறந்தார், அதிலிருந்து நான் கத்தினேன். அடிவயிற்றிலிருந்து, கனமாக, முழுத் தொண்டையோடு. மத்தியானத்துச் சாவுகளில் எது என்று எனக்கே தெரியவில்லை. "பக்காவா உக்காந்துருச்சு மேடம்" என்றான் நவாஸ். "லாக் பண்ணிருங்க" என்றாள் அவள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இன்னும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றிருந்தேன்.